கல்லில் போகாத கண்கள்

மட்டாஞ்சேரியில் நான் இருந்த அச்சகத்தில் எனக்குக் கல் தேய்க்கிற வேலை. அச்சகத்தில் கல்லுக்கு என்ன வேலை என்று இப்போது கேட்பார்கள். அந்தக் காலத்தில் லேபிள்களைக் கல்லிலிருந்துதான் அடிப்போம். சாயாக் கடைத் தட்டு அளவுக்கு நீள அகலம், நான்கு விரல் கனம், ஆறிப்போன பாலின் நிறம். அதன்மேல் கொழுப்பு மையால் படம் வரைவார்கள். கல்லை ஈரப்படுத்தி உருளையால் மை தடவினால் படம் இருக்கிற இடத்தில் மட்டும் மை பிடிக்கும், மற்ற இடத்தைத் தண்ணீர் காத்துக்கொள்ளும். மேலே காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் லேபிள். வேலை முடிந்த கல்லை மணலும் தண்ணீரும் போட்டு, சின்னக் கல் ஒன்றை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் பழைய படம் போய்விடும், புதிதாக வரையலாம். போய்விட்டதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். கொழுப்பு கல்லுக்குள் இறங்கும். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா வெலிங்டன் தீவில் மூட்டை தூக்க நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். பதினைந்து வயதில் என்னை இந்த அச்சகத்தில் விட்டார். ஆட்களிடம் பேச எனக்கு வராது. கல்லிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அங்கேயே இருந்துவிட்டேன்.

அச்சகம் ஜூ டவுனுக்கும் படகுத்துறைக்கும் நடுவில், ஒரு பழைய மிளகுக் கிடங்கில் இருந்தது. முன்னால் பெரிய மிஷின். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. பின்னால், ஓட்டுக் கூரைக்குக் கீழே, கல் அடுக்கும் கை அச்சும் தேய்க்கிற தொட்டியும். என் இடம் அதுதான்.

எழுபதுகளின் கடைசி. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த வாரத்தில் ஒரு பெண் படகிறங்கி வந்தாள். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். கமர்சியல் ஆர்ட் படிப்பில் கடைசி வருஷம். பாலக்காட்டுப் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். மலையாளத்தை எழுதுவாள், தமிழைப் பேசுவாள். அவர்களுடைய பரீட்சை எழுத்துப் பரீட்சை இல்லையாம். மூன்று நிஜமான கடைக்காரர்களுக்கு மூன்று வேலை வரைந்து, அச்சடித்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘எனக்குச் செய்தது, எனக்குச் சம்மதம்’ என்று கடைக்காரர் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வருஷம் போயிற்று. குடைக் கடைக்குப் பை, பேக்கரிக்குப் பெட்டி, இரண்டும் முடித்துவிட்டாள். மூன்றாவது ஒரு தலைமுடி எண்ணெய்க்காரரின் லேபிள். மீதி இருந்தது பதினோரு நாள்.

முதலாளிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. “கல்லு நான் தரும், ஆளும் தரும். காகிதம் நீ கொண்டு வா மோளே” என்று சொல்லி, என் பக்கம் திரும்பினார். “எடா, இவகிட்ட வாயைத் திறந்து பேசு, கேட்டோ. இல்லேன்னா உன்னையும் ஒரு கல்லுன்னு நெனச்சு மேல வரைஞ்சிடுவா.”

“வரையலாமே, நல்ல வழுவழுப்பாத்தான் இருக்கார்” என்றாள் அவள்.

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே எண்ணெய்க்காரர் வந்து அவள் காகிதத்தில் வரைந்திருந்த மாதிரியைப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள், மட்டாஞ்சேரியில் முப்பது வருஷமாகக் கடை. வெள்ளை வேட்டி, எப்போதும் கையில் மடக்கிய குடை. அவருடைய புட்டிகளில் நான் அறிந்தவரை எழுத்து மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவள் மேலே ஒரு ஓரத்தில் பச்சை இலை ஒன்று, அதன் பக்கத்தில் கடைப் பெயர், கீழே முக்கால்வாசி இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

“மக்களே, பாதிக்கு மேல சும்மா கெடக்கே. வரைய மறந்துட்டியா?”

“அந்த வெத்து இடம்தான் டிசைன் ஆக்கும் மாமா. மத்த புட்டி எல்லாம் கூட்டமா நிக்கும். உங்க புட்டி மட்டும் தனியா தெரியும்.”

“வெத்துதான் அழகுன்னா லேபிளே ஒட்டாம வித்துருவேனே.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த வெறுமையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி. அடிச்சுக் கொண்டா. நல்லா வந்தா கையெழுத்துப் போடுதேன்.”

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடையின் கல் அந்தக் கடைக்கே உரியது. அதில் வேறு கடைக்கு வரைய மாட்டோம். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னால் கல்லைத் தேய்த்து அழித்துவிட வேண்டும், போலி லேபிள் யாரும் அடிக்கக் கூடாது என்பதற்காக. முதலாளி அடுக்கின் கடைசித் தட்டைக் காட்டினார். “அவரோட கல்லு ஒண்ணு அடியில கெடக்குது. அதையே தேய்ச்சுக் கொடு.”

இழுத்து எடுத்தேன். மேலே பத்து வருஷத் தூசி. படம் கெடாமல் இருக்கத் தடவிய பிசின் கெட்டிப்பட்டுத் தேன் நிறத்தில் மூடியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கையால் துடைத்தேன். இரண்டு கண் தெரிந்தது.

ஒரு சின்னப் பெண்ணின் கண். பெரியது. மை தீட்டியது. மற்றதெல்லாம் பிசினுக்கு அடியில் நிழலாக இருந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை, மணலைப் போட்டுவிட்டேன்.

சாதாரணமாக ஒரு கல்லுக்கு அரை நாள் போதும். முதல் சுற்றில் கோடெல்லாம் போயிற்று. இரண்டாம் சுற்றில் நிழல் போயிற்று. மூன்றாம் சுற்றில் கல் வெறும் கல்லாக இருந்தது, கண்ணைத் தவிர. அதற்குக் காரணம் உண்டு. வரைந்தவன் கண்ணில்தான் மையை அதிகம் வைத்திருப்பான், அங்கேதான் கொழுப்பு ஆழமாக இறங்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தேய்க்கும்போது வருகிற பால் போன்ற சேற்றைத் தண்ணீர் விட்டு விலக்குகிற ஒவ்வொரு தடவையும், கிணற்றின் அடியிலிருந்து யாரோ அண்ணாந்து பார்க்கிற மாதிரி அது என்னைப் பார்த்தது. என் கையாலேயே ஒரு குழந்தையின் கண்ணைத் தேய்க்கிறேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்த பிறகு கை முன்போல அழுந்தவில்லை.

மாலையில் கல் காய்ந்தது. காய்ந்தால் கண் தெரியவில்லை. நனைத்தால் தெரிந்தது.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். “ஆச்சா அண்ணா?”

இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். கண் போகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பாளோ, கோபப்படுவாளோ, ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டுமோ என்றெல்லாம் ஓடியது. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் தொடங்கியது.

நான்கு நாள் உட்கார்ந்து அவள் கல்லில் எழுத்தை வரைந்தாள். கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாவற்றையும் இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். முன்னால் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் அவள் என்னைப் பார்த்து வாயை அசைப்பாள். தண்ணீர், துணி, விளக்கு. நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பேன். அச்சகத்தில் எல்லோரும் அப்படித்தான். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஒருவரின் கண்ணைப் பார்க்காமல் பேச அதைவிட நல்ல வழி இல்லை.

“உங்க பேச்சையும் கல்லுல தேச்சு அழிச்சுட்டேளா?” என்று மிஷின் நின்ற ஒரு நிமிஷத்தில் கேட்டாள். நான் ஈரத் துணியைப் பிழிந்து நீட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் அச்சுக்கு ஏற்றினோம். நான் ஈரம் துடைத்து மை உருட்ட, அவள் காகிதத்தை வைத்து எடுத்தாள். முதல் தாள் வந்தது. கறுப்பு எழுத்து, இலைக்கு விட்ட இடம், கீழே வெள்ளை. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பன்னிரண்டு தாள் அப்படியே சுத்தமாக வந்தது. பதின்மூன்றாவதில், வெள்ளையின் நடுவில், விரல் பட்டதுபோல இரண்டு சாம்பல் புள்ளி.

“உங்க கையா, என் கையா?” என்று கையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அடுத்த தாளிலும் அதே இடத்தில். இருபதாவது தாளில் புள்ளிக்கு ஓரம் வந்தது. முப்பதாவதில் இமை வந்தது. நாற்பதாவது தாளை எடுத்தவள் மெல்லக் கீழே வைத்தாள்.

“அண்ணா, இது என்னைப் பாக்கறது.”

“கல்லு சரியாத் தேயலை” என்றேன்.

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

தலையாட்டினேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுத்தமான பன்னிரண்டு தாளையும் எண்ணித் தனியே எடுத்து வைத்தாள். “ஆறு போதும் எனக்கு. பச்சையை மேல அடிச்சு, கையெழுத்து வாங்கிண்டு போயிடறேன். மிச்சத்தை நீங்களே வெச்சிண்டு கண்ணடிச்சிண்டு இருங்கோ.”

மழைக்காலத்தில் மை காயாது. கெட்டுப்போன தாள்களையும் வழக்கப்படி தலைக்கு மேல் கட்டிய கொடிகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எண்ணெய்க்காரர் வந்தார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தார். குடையை மடக்கி உதறிவிட்டு, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பவர்போல மேலே பார்த்தார்.

இருபத்தெட்டுத் தாள். எல்லாவற்றிலும் கண். ஓரத்துக் கொடியில் மங்கலாக, இந்தப் பக்கம் வர வர இருட்டாக. காற்றில் எல்லாம் ஒன்றாக அசைந்தன.

“இது யாரு வரைஞ்சது?” என்று கேட்டார்.

“யாரும் வரையலை மாமா. அதுவா வந்தது” என்றாள் அவள். விளையாட்டாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

அவர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். முன்னால் மிஷின் ஓடியது. அவர் வாய் அசைந்ததை நான் படித்தேன். எம்மக.

முதலாளி ஓடி வந்து மிஷினை நிறுத்தச் சொன்னார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எண்ணெய்க்காரருக்கு ஒரே பெண். பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் பார்த்து வரைந்த படம்தான் அப்போது அவருடைய லேபிள். அவள் போன முதல் வாரத்தில், வீட்டில் இருந்த போட்டோ, கடையில் மீந்த லேபிள் எல்லாவற்றையும் தன் கையாலேயே படகுத்துறையில் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டாராம். அச்சகத்துக்கு ஆள் அனுப்பிக் கல்லையும் அழிக்கச் சொன்னாராம். ஒரு வருஷம் கழித்து ஒரு போட்டோவாவது வேண்டும் என்று தோன்றியபோது ஒன்றும் இல்லை. இது நடந்து பத்து வருஷம்.

“நல்ல கல்லாக்கும். கடைசியில பாத்துக்கலாம்னு அடியில போட்டேன், பின்னே மறந்துபோச்சு” என்றார் முதலாளி. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சுத்தமான தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். “மாமா, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேற கல்லு கேட்டிருப்போம். இது நல்லா வந்த தாள். கையெழுத்துப் போட்டுத் தாங்கோ.”

அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. “போடுதேன் மக்களே. முகம் வரட்டும்.”

“அது எப்படி வரும்?”

குடையால் என்னைக் காட்டினார். “கண்ணைக் கொண்டுவந்தான்லா. மிச்சத்தையும் கொண்டுவருவான்.”

மறுநாளிலிருந்து நான் செய்தது, பத்து வருஷமாகக் கற்றதற்கு நேர் எதிரான வேலை. தண்ணீரைக் குறைத்தேன், மையைக் கூட்டினேன். கல்லில் ஒளிந்திருக்கிற கொழுப்பு எல்லாம் மையை இழுக்கட்டும் என்று உருட்டினேன். ஒவ்வொரு பத்துத் தாளுக்கும் ஏதாவது ஒன்று வந்தது. புருவம். நடு வகிடு. காதோரம் இறங்கிய முடி. மூக்கின் ஒரு பக்கத்து நிழல். தாடைக் கோடு. அவள் நான்கு நாள் வரைந்த எழுத்து வீங்கி அழுக்காகி, முடிக்குள் போய்விட்டது. எண்ணெய்க்காரர் காலை பத்து மணிக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்காருவார். நாலு மணிக்கு எழுந்து போவார். கடைக்குப் போனாரா, சாப்பிட்டாரா, தெரியாது. சுத்தமான ஆறு தாளில் வேறு ஒரு சின்னக் கல்லால் பச்சை இலையை அடித்து முடித்துவிட்டு, அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே போவாள்? புதுக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை. கையெழுத்து அவர் சட்டைப் பைப் பேனாவில் இருந்தது.

மூன்றாம் நாள் இனி வருவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அவர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நானும் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். முடி, நெற்றி, கண், மூக்கு, தாடை. மூக்குக்குக் கீழே தாடை வரை வெறும் காகிதம். காயம் இல்லை, மூடியும் இல்லை. வாய் வைக்கவே இல்லாத முகம்.

“வாய் எங்கடே?”

முதலாளி என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“இது கறுப்புக் கல்லு. கறுப்புல அடிக்கிறது மட்டும்தான் இதுல இருக்கும். வாய் சிவப்பு. அது வேற கல்லு.”

“அந்தக் கல்லு?”

“தேச்சாச்சு. நான் சேந்த முதல் மாசம். நான்தான் தேச்சேன்.”

அது உண்மைதான். முகம் இல்லாமல் ஒரு ரிப்பனும் இரண்டு உதடும் மட்டும் இருந்த கல் ஒன்று. யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே நாளில் போய்விட்டது.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். எண்ணெய் வாசனை அடித்தது. “அப்ப நீ பாத்திருக்கே.”

“பாத்தேன்.”

“எனக்கு அவ சிரிக்கிற சத்தம் ஞாபகம் இருக்குடே. இப்பவும் கேக்கும். வாய் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா தெரியல. பெத்தவன், எனக்குத் தெரியல.” குரலை உயர்த்தாமல் சொன்னார். “நீ சொல்லு. இவ வரையட்டும். வந்துட்டா அந்த நிமிஷம் கையெழுத்து.”

இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அவள் அந்தத் தாளைப் பலகையில் வைத்துப் பென்சிலை எடுத்தாள். “சொல்லுங்கோ அண்ணா. மேலுதடு எப்படி?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிவப்பு ரிப்பன் நினைவுக்கு வந்தது. உதடு வரவில்லை. என்னால் அவள் வருஷம் போகப்போகிறது என்று நினைத்தேன். இன்னும் இறுக்கி மூடினேன். அப்போது தெளிவாக, பக்கத்தில் இருப்பதுபோல, ஒரு வாய் வந்தது.

“மெல்லிசு. நடுவுல பள்ளம் கொஞ்சம் ஆழம்.”

பென்சில் உராய்கிற சத்தம் கேட்டது. “அப்புறம்?”

“இடது ஓரம் ஒரு நூல் மேல ஏறி இருக்கும். சிரிக்காம இருக்கிறப்பவும்.”

“கீழுதடு?”

“தடிப்பு. நடுவுல நெட்டுக்கு ஒரு சின்னக் கோடு.”

வாழ்க்கையில் நான் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியது அன்றுதான். அழிப்பாள், கேட்பாள், இல்லை இன்னும் கொஞ்சம் இறக்கம் என்பேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் சத்தம் நின்றது, கண்ணைத் திறந்தேன். அவள் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தன் படத்தைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயின் இடது ஓரம் ஒரு நூல் மேலே ஏறியிருந்தது.

அவளுக்குத் தெரியவில்லை. நம் வாய் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. எண்ணெய்க்காரர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு “ம்” என்று சொல்லி, பேனாவை எடுத்து, பச்சை இலையும் வெறுமையுமாகச் சுத்தமாக இருந்த ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டார். வாயை வேறு கல்லில் சிவப்பாக ஏற்றி ஒரு தாள் முழுசாக அடித்துக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். அது நியாயம்தானே என்று அவளும் ஒத்துக்கொண்டாள். நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்தின் மை அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை கறுப்பின்மேல் சிவப்பு ஏறியது. தாளை அவள்தான் எடுத்தாள். வெளியே மழை இருட்டு. ஜன்னல் கண்ணாடி பக்கம் கொண்டுபோனாள். கண்ணாடியில் அவள் முகம் விழுந்தது. தாளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பத் தாளைப் பார்த்தாள். ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியில் கண் மட்டும் தெரிகிற தன்னையே பார்த்தபடி நின்றாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் உதட்டை அசைத்துப் பேசவில்லை. கிட்டே வந்து என் காதில் கேட்டாள்.

“இது யாரோட வாய்?”

நான் தரையைப் பார்த்தேன்.

“நேத்திக்குப் பேசத் தெரிஞ்சுதே. இப்போ சொல்லுங்கோ.”

“என்னையறியாம வந்துடுச்சு.”

“இங்கே எல்லாமே தன்னால வருமோ!” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “நான் ஒண்ணும் சொல்லலை. கையெழுத்து வாங்கியாச்சு, இப்போ சொன்னா அது எனக்கே வினை. ஆனா நான் பாஸ் ஆனதும் இந்தச் சிவப்புக் கல்லை நீங்க அழிச்சிடணும். கொஞ்சம்கூட மிச்சம் வெக்காம. என் வாயைச் செத்துப்போன குழந்தை மூஞ்சியில வெக்க நான் சம்மதிக்கலை. சரியா?”

தலையாட்டினேன். அவள் தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு படகுக்குப் போனாள். தாவணித் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். மழைக்காக இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து முதலாளி சொன்னார். பாஸாகிவிட்டாளாம். அந்த வெறுமையைத்தான் பரீட்சைக்காரர்கள் மெச்சினார்களாம். நான் அன்றே சிவப்புக் கல்லைத் தொட்டியில் இறக்கி மணலை அள்ளி வைத்தேன். தண்ணீர் ஊற்றுவதற்குள் எண்ணெய்க்காரர் வந்துவிட்டார். எழுத்து மட்டும் இருக்கிற பழைய லேபிள் இனி வேண்டாம், முகத்தோடு புது லேபிள் அடிக்க வேண்டும், எல்லாப் புட்டிக்கும், என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் பின்னால் வந்திருந்தார்.

அவளுக்காகத்தான் எனக்கு அன்று வாய் திறந்தது. “அது உங்க மக வாய் இல்லை. எனக்கு மறந்துபோச்சு. அந்தப் பிள்ளையோட வாயைத்தான் சொல்லிட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன்.

“தெரியும்டே” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எம்மகளுக்கு மேல்பல்லு ரெண்டும் வெளிய நிக்கும். வாயை மூடவே மாட்டா. அத மட்டும் மறக்கல. பெரியவளானா உள்ள போயிரும், நல்ல வடிவா வாய் அமைஞ்சிரும்னு அவ அம்மை சொல்லுவா. இப்ப இருந்தா இருபத்தொண்ணு. அமைஞ்சிருக்கும்லா?”

நான் தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்தேன்.

“அந்தப் புள்ளைக்கும் அதே வயசுதான்” என்றார்.

அந்த மூன்று நாளும் காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஸ்டூல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

“பாலக்காட்டுல எந்தத் தெரு அவ வீடு? உங்கிட்ட சொல்லியிருப்பாளே.”

சொல்லியிருந்தாள். தெரு, கோயில், வீட்டு வாசலில் நிற்கிற மரம் வரைக்கும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

“தெரியாது. பம்பாய்க்கு வேலைக்குப் போயிட்டதாச் சொன்னாங்க” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொட்டியில் கிடந்த கல்லைப் பார்த்தார். மணல் அதன்மேல் ஒரு கைப்பிடி இருந்தது. குனிந்து, தன் வேட்டி நுனியால், உதட்டின் மேலிருந்த மணலை மட்டும் தட்டிவிட்டார்.

கல்லை அழித்தால் இந்த மனிதர் அடுத்த வண்டியில் பாலக்காட்டுக்குப் போவார் என்று எனக்குத் தோன்றியது. கல் இருக்கிற வரை போகமாட்டார் என்றும் தோன்றியது. அது சரியா, பயத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதா, இன்றுவரை தெரியாது. மணலைக் கழுவிவிட்டு, கல்லை அச்சில் ஏற்றினேன்.

எண்பதுகளின் நடுவில் அவர் இறக்கும்வரை அந்த லேபிள் ஓடியது. மட்டாஞ்சேரியில், எர்ணாகுளத்தில், படகுத்துறைப் பெட்டிக்கடையில்கூட அந்தப் புட்டி இருந்தது. பாலக்காட்டுக்கும் போயிருக்கும். ஏதாவது கடையில் அவள் அதைப் பார்த்திருப்பாள். நான் தலையாட்டியதை நினைத்திருப்பாள். அவள் திரும்ப வரவில்லை. நானும் எழுதவில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை புது அடிப்பு. ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தாளைக் கேட்டு வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோவார். கல் பழசாகப் பழசாக மை பரவும். கோடு தடிக்கும், கண்ணில் இருட்டுக் கூடும், உதடு நிறையும். எந்தக் கல்லுக்கும் அப்படித்தான். கடைசி வருஷம் தாளைப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பாத்தியாடே. போன தடவைக்கு இப்ப எவ்வளவு வளந்துட்டா.”

கல் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஈரத் துணியை எடுத்து அடுத்த தாளுக்குக் கல்லைத் துடைத்தேன்.